பூட்சு எழுத்து

சந்தேகம் எனக்குப் பிறவிக்குணம். கண் முன்னால் கறந்த பாலையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன். "உங்களுக்கு அல்லா ஜன்னத்துல எடம் குடுத்தாக்கூட பட்டா எங்கன்னு கேப்பீங்க" என்பாள் என் மனைவி ஷாஜாதி. சொல்லிவிட்டுப் போகட்டும். முல்லா வீதியில் அச்சகம் வைத்துப் பிழைக்கிறவனுக்கு இந்தக் குணம் இல்லாவிட்டால், வெள்ளைத் தாளையும் வெயிட்டுக்கு வைத்த கல்லையும் ஒருசேரத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது என் கட்சி.

எங்களிடம் இருந்த தமிழ் எழுத்துகள் எந்த அச்சகத்திலும் கிடைப்பவைதான். எங்களுக்கென்று தனியாக இருந்தது ஒரே ஒரு வெள்ளைக்கார எழுத்து. ஐம்பத்து நாலில் பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டியபோது, ஒரு முசியேவின் அச்சகத்திலிருந்து என் அத்தா வாங்கிப் போட்டது. பெட்டியின் மேல் 'எஜிப்சியேன்' என்று எழுதி ஒட்டியிருந்தது. எகிப்துக்கும் அதற்கும் என்ன உறவு என்று அத்தாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எங்கள் கம்போசிட்டர் முருகையன் அதற்கு வைத்த பேர் பூட்சு எழுத்து.

பேர் பொருத்தமானதுதான். மற்ற எழுத்துகளுக்குக் கால் நுனியில் மெல்லிசாக ஒரு கோடு ஓடும். இதற்கு உடம்பு எவ்வளவு தடிமனோ பாதமும் அவ்வளவு தடிமன். பாதம் காலோடு சேருகிற இடத்தில் வளைவு, குழைவு எதுவும் கிடையாது. தச்சன் மட்டம் வைத்து வெட்டியது மாதிரி நேர்மூலை. ஒவ்வொரு எழுத்தும் பூட்சு மாட்டிக்கொண்டு, காலை அகட்டி நிற்கும். அந்த எழுத்து கெஞ்சாது, விளக்கம் சொல்லாது. அதில் எதை அடித்தாலும் அது மேலிடத்து உத்தரவு. பஞ்சு மூட்டை லேபிள், கொதிகலன் பக்கத்தில் தொங்குகிற எச்சரிக்கைப் பலகை, மில் நோட்டீசு, இதற்கெல்லாம் அதைவிட்டால் வேறு எழுத்து கிடையாது. பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் ஒருவர் பிடிவாதமாகத் தன் மகள் கல்யாணப் பத்திரிகையை அதில் அடிக்கச் சொன்னார். கோர்ட்டு சம்மன் என்று நினைத்து அவருடைய ஒன்றுவிட்ட தம்பி அதை வாசலிலேயே வாங்க மறுத்துவிட்டார்.

மில்லின் கேட்பாஸும் அந்த எழுத்தில்தான் இருந்தது. மில்லிலிருந்து துணி வெளியே போக வேண்டுமானால் அந்தச் சீட்டு வேண்டும். அதன் தலையில் SORTIE என்று ஆறு எழுத்து. வெளியேறும் வழி என்பதற்கான பிரெஞ்சு வார்த்தை. கொடி மாறியது, மேனேஜர்கள் மாறினார்கள், சீட்டின் தலையில் இருந்ததை மாற்ற மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. அந்த மில் வேலையை நம்பித்தான் என் அச்சகம் நடந்தது.

எழுபத்தொன்பதாம் வருஷம், சித்திரை வெயிலில் வடிவேல் வந்தார். மில் கேட்டுக் காவலுக்கு அவர்தான் மேலாள். உட்காராமலே ஒரு சீட்டை என் மேசையில் வைத்தார்.

"பாய், இது உங்க பாஸா?"

எங்களுடையதுதான் என்றேன். பக்கத்தில் இன்னொன்றை வைத்தார். இரண்டிலும் ஒரே நம்பர்.

"ஒரே நம்பர் ரெண்டு தடவ கேட்டத் தாண்டியிருக்குது. ரெண்டு பேல் துணி போச்சு. இதுல ஒண்ணு கள்ள பாஸ். ஆனா எழுத்து உங்க எழுத்து. இந்த ஊர்ல வேற யாருகிட்டயும் இல்லன்னு நீங்கதானே சொல்லுவீங்க."

சொல்லியிருந்தேன். போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருந்தேன். அந்தப் பெருமையே அன்றைக்கு எனக்கு எதிர்ச்சாட்சியாக நின்றது.

முருகையனைக் கூப்பிட்டேன். பதினெட்டு வருஷமாக எங்களிடம் எழுத்துக் கோத்தவன். என் வயதுதான், நாற்பத்து மூன்று. அதிகம் பேசமாட்டான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, லென்சை வைத்து இரண்டு சீட்டையும் பார்த்தான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"இது நம்ம எழுத்துல அடிச்சது இல்ல பாய். மூலையப் பாருங்க. நம்மளுது கத்தியில வெட்டுன மாதிரி இருக்கும். இதுல பாதம் சேர்ற எடத்துல மை ரொம்பி உருண்டு கெடக்குது. நம்ம பாஸ போட்டோ புடிச்சி எவனோ தகட்டுல பிளாக்கு எடுத்துருக்கான்."

நானும் லென்சில் பார்த்தேன். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. மை கூடிப்போனாலும் மூலை உருளத்தானே செய்யும்? களவு போன வீட்டில் முதலில் விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவனைத்தான் கவனிக்க வேண்டும் என்பார் என் அத்தா. இவன் கேட்டவுடன் விளக்கைத் தூக்குகிறான். போட்டோ என்கிறான், பிளாக்கு என்கிறான். இவ்வளவும் எப்படித் தெரியும்?

வடிவேல் போகும்போது சொன்னார்: "இன்னொரு தடவ இப்படி வந்துதுன்னா மில் வேல உங்களுக்குக் கெடையாது பாய். ஆளக் கண்டுபுடிங்க."

ஆளை அப்போதே கண்டுபிடித்துவிட்டேன். அத்தாட்சிதான் வேண்டியிருந்தது.

கேட்பாஸுக்குக் கோத்த எழுத்தை நாங்கள் பிரிப்பதில்லை. நூலால் கட்டியபடி அப்படியே அலமாரியில் இருக்கும். ஒரே தாளில் இரண்டு பாஸ் பக்கத்துப் பக்கத்தில் விழும், நடுவில் வெட்டினால் இரண்டாகும். அதனால் SORTIE இரண்டு தடவை கோத்திருக்கும். மறுநாள் பகல் சாப்பாட்டுக்கு முருகையன் சைக்கிளில் குருசுக்குப்பத்துக்குப் போனான். மிஷின் ஓட்டும் பலராமன் டீ குடிக்கப் போனான். சாவி தேய்க்க வைத்திருந்த சின்ன அரத்தை எடுத்தேன். முதல் பாஸில் இருந்த R எழுத்தின் வலது பூட்சு முனையைக் கடுகளவு அராவினேன். ஈயம் மெத்தென்று இருந்தது. இரண்டாவதைத் தொடவில்லை. ஒன்று போதும் என்று நினைத்தேன். இனி வருகிற கள்ளப் பாஸில் இந்தத் தழும்பு இருந்தால் அது என் அச்சகத்து எழுத்து. என் அச்சகத்து எழுத்தென்றால் முருகையன். கணக்கு அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே கேட்பாஸ் புதுக் கட்டு ஒன்று ஓட்ட வேண்டியிருந்தது. நான் கையெழுத்துப் போட்ட புரூஃப் இல்லாமல் மிஷினில் எதுவும் ஏறக் கூடாது என்பது அத்தா காலத்துச் சட்டம். கையெழுத்தான புரூஃபைச் சுவரில் இருக்கும் கம்பியில் குத்தி வைப்போம். முருகையன் புரூஃபைக் கொண்டுவந்து நீட்டினான். கண்டுபிடித்துவிட்டானா என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முகத்தில் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாத முகம்தான் எனக்கு ஆகாது.

அவன் உடனே போகவில்லை.

"பாத்துட்டீங்களா பாய்?"

"பாத்துட்டேன். போயி ஓட்டு."

கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான். எதற்கு நின்றான் என்று அன்றைக்கு ராத்திரி முழுக்க யோசித்து, மேலும் இரண்டு சந்தேகம் சேர்த்துக்கொண்டேன்.

பிறகு நான்கு மாதம் அவனைப் பார்ப்பதே என் வேலையாகிவிட்டது. அவன் டிபன் கேரியரைத் தூக்கி வைக்கிற சாக்கில் கனம் பார்த்தேன். கழிவுத் தாள் கூடையைக் கிளறினேன். ஒருநாள் பின்னாலேயே சைக்கிள் விட்டுக்கொண்டு போனேன். நெத்திலி வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்குப் போனான். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. "அந்த மனுசன் பாவம்ங்க" என்றாள் ஷாஜாதி. பாவம் என்று பேர் வாங்கியவன் செய்கிற திருட்டுதான் வெளியே தெரியாது என்றேன்.

ஆவணியில் வடிவேல் மறுபடி வந்தார். மூன்று கள்ளப் பாஸ். இந்தத் தடவை காசாளர் மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். லென்சை எடுத்தேன். முதல் சீட்டில் R எழுத்தின் வலது பூட்சு முனை இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. ஒன்றுக்கு மூன்று சாட்சி. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு வந்தது வருத்தம் அல்ல, சந்தோஷம். நான் நினைத்தது சரி என்ற சந்தோஷம்.

முருகையனைக் கூப்பிட்டு மூன்றையும் காட்டினேன். குனிந்து பார்த்தான்.

"மூணுலயும் இருக்குதா?" என்றான். "மூணுலயும் இருக்கக் கூடாதே பாய்."

"எது இருக்கக் கூடாது?"

"அந்த ஆர் எழுத்து. கால் முனை அராவினது."

"அராவினதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

வடிவேல் அவனைத் திரும்பிப் பார்த்தார். நான் யாரிடமும் சொல்லாத விஷயம். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. தானாக வந்து வலையில் விழுந்துவிட்டான் என்று நினைத்தேன்.

"பாய், அன்னைக்கே உங்ககிட்ட..."

"போதும்பா" என்றேன். "பதினெட்டு வருஷம் சோறு போட்ட எடம். நீ போயிடு."

அவன் கையில் பாதி கோத்த எழுத்து இருந்தது. அதைச் சிந்தாமல் பலகையில் வைத்தான். கண்ணாடியை உறையில் போட்டான். டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு போனான். குற்றவாளி வேறு எப்படிப் போவான் என்று நான் வடிவேலிடம் கேட்டேன்.

விஷயம் பத்திரிகைக்குப் போகக் கூடாது என்று மில்லில் போலீசுக்குச் சொல்லவில்லை. நோட்டீசு அடித்து ஒட்டச் சொன்னார்கள். மேலே அறிவிப்பு என்பதற்குப் பிரெஞ்சில் AVIS, கீழே MOUROUGAYANE. அவன் பிறப்புச் சீட்டில் இருந்தபடியே முருகையன் என்ற பேர், பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில். அதன் கீழே தமிழில், கேட்பாஸ் மோசடியில் சம்பந்தப்பட்ட இந்த நபரை மில் எல்லைக்குள் விடக் கூடாது, யாரும் இவரோடு தொழில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று மூன்று வரி. கோப்பதற்கு ஆள் இல்லை. நானே கோத்தேன். பதினாறு பூட்சு எழுத்தை அடுக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஒவ்வொன்றையும் ருசித்து அடுக்கினேன். மில் கேட்டில் ஒட்டினார்கள். ஊரில் இருந்த அச்சகங்களுக்கெல்லாம் ஒவ்வொன்று போனது. அதற்குப் பிறகு அவனை எவனும் வேலைக்கு வைக்கவில்லை.

"பதினெட்டு வருஷம் உங்க வெரல் மாதிரி இருந்தவரு" என்றாள் ஷாஜாதி.

"நகச்சுத்தி வெரல்லதான் வரும்" என்றேன்.

கார்த்திகை மழையில் வடிவேல் மூன்றாம் தடவை வந்தார். நனைந்த குடையை வாசலில் சாத்திவிட்டு, இந்தத் தடவை உட்கார்ந்தார். பையிலிருந்து மரக்கட்டையில் அடித்த ஒரு துத்தநாக பிளாக்கை எடுத்து வைத்தார். மில்லில் துணி மடிக்கிற பகுதி மேஸ்திரி ஒருவன் செய்த வேலையாம். உழவர்கரையில் அவன் வீட்டுப் பரணில் கிடைத்ததாம். கூடவே அடித்து வைத்த பாஸ் ஒரு கட்டு.

"மெட்ராஸ்ல பிளாக்கு எடுத்துருக்கான் பாய். மொதல்ல ஒண்ணு எடுத்தானாம், அது தேஞ்சிபோச்சாம். சித்திரைக்கி அப்பறம் புது பாஸ் ஒண்ண வச்சி இது. எல்லாத்தையும் ஒத்துகினான். உங்க ஆளுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

பிளாக்கைத் திருப்பிப் பார்த்தேன். தகட்டில் SORTIE ஒரே ஒரு தடவைதான் இருந்தது. R எழுத்தின் பூட்சு முனை இல்லை. என் அரம் செய்த வேலை, துத்தநாகத்தில் அப்படியே பதிந்திருந்தது. நான் வைத்த பொறியை அந்த மேஸ்திரி போட்டோ பிடித்திருக்கிறான்.

அப்போதுதான் உறைத்தது. எழுந்து போய் நாங்கள் அடித்த நல்ல பாஸ் புத்தகம் ஒன்றை எடுத்துப் புரட்டினேன். ஒரு சீட்டில் தழும்பு. அடுத்ததில் இல்லை. மறுபடி தழும்பு, மறுபடி இல்லை. ஒரு தாளில் இரண்டு பாஸ், நான் அராவியது ஒன்றைத்தான். எங்கள் எழுத்தில் அடித்திருந்தால் பாதிச் சீட்டில்தான் தழும்பு வரும். மேஸ்திரி அடித்து வைத்திருந்த சீட்டுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் தழும்பு.

மூணுலயும் இருக்கக் கூடாதே பாய் என்றானே. அவனுக்கு அது ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது. எழுத்து என்னுடையது, அராவியது நான், எனக்குத் தெரியவில்லை. வடிவேல் எதிரில் இருக்கும்போதே எனக்கு அழுகை வந்தது. வெட்கமாக இருந்தது.

மழை விட்டதும் குருசுக்குப்பம் போனேன். முருகையன் மனைவி அஞ்சலாட்சி கதவைத் திறந்தாள். "வாங்க பாய்" என்றாள், வழியை விடாமல். பிறகு ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து வாசலிலேயே போட்டாள். "வர்ற நேரந்தான். தேங்காத்திட்டுல மீனுக்கு ஐஸ் ஒடைக்கப் போறாரு."

அவன் வந்தான். விரல் நுனிகள் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன. அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டுதான் எல்லாவற்றையும் சொன்னேன். நான் அராவியதையும் சொன்னேன். வேலைக்கு வந்துவிடு என்றேன்.

"அராவியிருக்குதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் பாய்" என்றான். "சாப்டுட்டு வந்து தொட்டதுமே தெரிஞ்சிது. ஈயம் புதுசா மின்னுச்சு. புரூஃப்ல வட்டம் போட்டு எழுதியே குடுத்தேன். நீங்க கையெழுத்துப் போட்டீங்க."

"எழுதிக் குடுத்தியா?"

"கம்பியில இருக்கும், பாருங்க. நீங்களே என்னக் கேப்பீங்கன்னு நாலு மாசம் இருந்தேன்."

அஞ்சலாட்சி உள்ளே போய்விட்டாள். மறுபடியும் வேலைக்கு வா என்றேன்.

"வேலய அப்பறம் பேசலாம். மொதல்ல நோட்டீசு அடிங்க. அதே எழுத்து, அதே அளவு. ஓரமா பொடி எழுத்துல போட்டீங்கன்னா எவனும் படிக்க மாட்டான். திருடன்னு பூட்சு கால்ல நின்னுகினு சொன்னீங்க. இல்லன்னும் அதே கால்ல நின்னு சொல்லுங்க."

திரும்பி வரும் வழியெல்லாம், எழுதிக் கொடுத்தேன் என்கிறானே, நிஜமாக இருக்குமா என்று மனசுக்குள் ஒரு குரல். இவ்வளவுக்குப் பிறகும்! என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் அச்சகத்தைத் திறந்ததும் கம்பியிடம்தான் போனேன். ஐப்பசி, புரட்டாசி என்று தாள்களை உருவி உருவி மேசையில் போட்டேன். சித்திரை வந்தது.

R எழுத்தைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலில் வட்டம். பக்கத்தில் முருகையனின் சின்னக் கையெழுத்து. 'இடப்பக்கத்து பாஸ். எழுத்து அடிபட்டதல்ல, அரம் பட்டிருக்கிறது. யார் செய்தது என்று தெரியவில்லை. வேறு போடட்டுமா? முதலாளி பார்க்கவும்.' அதன் கீழே, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நான் எழுதிய 'சரி'. கோணலாக ஓடி, அவன் எழுதியதன் மேலேயே ஏறியிருந்தது.

நோட்டீசைச் சின்னதாகப் போட்டால் போதும் என்று மில் மேனேஜர் சொல்லி அனுப்பினார். முடியாது என்றேன். வேலையை எடுத்துக்கொண்டாலும் சரி என்றேன். மறுபடி AVIS கோத்தேன். MOUROUGAYANE கோத்தேன். அதில் ஒரு R வேண்டும். கேட்பாஸுக்குக் கட்டி வைத்திருந்த எழுத்தைப் பிரித்து, நான் அராவியதையே எடுத்துப் போட்டேன். கீழே தமிழில், இவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை, பழி சொன்னது அச்சக முதலாளி கலீலுல்லா, அது பொய், என்று வைத்தேன். முன்பு போன அச்சகங்களுக்கெல்லாம் இதுவும் போனது.

காலை ஷிப்டு சங்கு ஊதுகிற நேரத்தில் மில் கேட்டில் என் கையாலேயே ஒட்டினேன். உள்ளே போகிறவர்கள் நின்று படித்தார்கள். என்னையும் பார்த்தார்கள். முருகையன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்றான். நான் அவனிடம் போனேன்.

"புரூஃப் எடுத்தீங்களா?" என்றான்.

"எடுத்தேன்."

"யாரு பாத்தது?"

"நான்தான் பாத்தேன். மூணு தடவ பாத்தேன். நீயும் ஒரு தடவ பாத்துடு முருகையா."

அவன் நோட்டீசு பக்கம் திரும்பவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "சரி" என்றான். பிறகு சைக்கிளில் ஏறி, ஐஸ் உடைக்கத் தேங்காய்த்திட்டுப் பக்கம் போனான்.